வலிக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல் நகருக்குள் எந்தத் திசையிலிருந்து நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரும்பாறைதான். ஊருக்குப் பெயர் தந்த அப்பாறையின் உச்சியில் கோட்டை, கீழே நகர், நகரின் ஒரு பகுதியாகப் பேகம்பூர். ஹைதர் அலியின் குடும்பத்துப் பெண்மணியான அமீருன்னிஸா பேகத்தின் பெயராலேயே அப்பகுதி பேகம்பூர் எனப்பட்டது என்றும், அவர் அடங்கியிருப்பதும் அங்குள்ள பெரிய பள்ளிவாசலை ஒட்டியே என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அனுப்பியது. பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து அவர் இங்கே ஆயுதச்சாலை நிறுவினார், படை திரட்டினார். பின்னாளில் மைசூரையே ஆண்ட மாவீரரின் ஏற்றம் இந்தப் பாறையின் நிழலில்தான் தொடங்கிற்று. அவருடைய முடிவோ வேறு விதமாக வந்தது. ஆங்கிலேயரின் பீரங்கிகளுக்குத் தப்பிய அந்த உடலை முதுகில் எழுந்த ஓர் இராஜபிளவை வீழ்த்தியது. 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் அவர் காலமானார்.

இராஜபிளவையின் வேதனை எத்தகையது என்பதை அதை அனுபவித்தவரே அறிவர். அந்த வேதனையைத் தணிக்க அன்றைய உலகில் மன்னனுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் கிடைத்தவை இரண்டுதாம்: ஒன்று அபின், மற்றொன்று பொறுமை. கட்டியைக் கீறினாலும் முழு உணர்வோடுதான் கீற வேண்டும்.

இன்று அதே திண்டுக்கல்லில், பூட்டுப் பட்டறையில் உழைக்கும் ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்றால், வயிற்றில் நான்கு சிறு துளைகள் இட்டுப் பையையே எடுத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் அவர் வீடு திரும்புகிறார். துளையிட்ட இடத்தைச் சுற்றிலும், சில வேளை வயிற்றின் உள்ளேயும், மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி வலியை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குகிறார்கள். ஹைதர் அலிக்குக் கிட்டாத கொடை இது. இக்கொடை நம் கைக்கு வந்த கதை ஆயிரம் ஆண்டு நீளமானது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட வழி

வலியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தோருள் முன்வரிசையில் நிற்பவர் பேரறிஞர் இப்னு ஸீனா (980-1037). மருத்துவ உலகைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட தமது ‘அல்கானூன்’ நூலில் அவர் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். குத்தும் வலி, துடிக்கும் வலி, துளைக்கும் வலி, கனக்கும் வலி என ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுக் காரணமும் கூறினார். காரணத்தை நீக்குவதே முதல் சிகிச்சை. மரக்கச் செய்யும் மருந்து அதற்கு அடுத்ததே என்பது அவர் கொள்கை. மரக்கச் செய்யும் பொருள்களில் வலிமை மிக்கது அபின் என்றார். அவ்வரிசையில் பனிக்கட்டியையும் குளிர்ந்த நீரையும் சேர்த்தார் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. மூளையை மயக்காமல் உடலின் ஓர் இடத்தை மட்டும் உணர்விழக்கச் செய்யலாம் என்ற எண்ணத்தின் விதை அதில் இருக்கிறதன்றோ!

அவருக்குச் சற்று முற்பட்டவர், குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு 1013). முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை அறுவைக்கென்றே ஒதுக்கி, ஏறத்தாழ இருநூறு கருவிகளை வரைந்தும் காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் கைந்நூலாயிற்று.

இவர்களுக்கும் முந்தியது நம் வீடுகளில் சொல்லப்படும் ஒரு வரலாறு. மதீனாவின் ஏழு சட்ட மேதைகளுள் ஒருவரும், அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் பேரருமான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலில் அழுகல் நோய் கண்டது. கலீஃபா வலீதின் காலம் அது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். காலை வெட்ட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். உணர்வு மழுங்க மருந்து தருகிறோம் என்றபோது, இறைநினைவு மறக்கச் செய்யும் எதுவும் வேண்டாம் என மறுத்து, அப்படியே அறுக்கச் சொன்னார் அப்பெரியார் என்பது வரலாற்று நூல்கள் தரும் செய்தி.

இந்நிகழ்ச்சியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் கேட்டு வளர்ந்தோம். சரியே. ஆனால் அதனுள் இன்னொரு செய்தியும் உண்டு. அதை நாம் கவனிப்பதில்லை. அந்த மருத்துவர்கள் வலி தணிக்கும் மருந்தைக் கையில் வைத்திருந்தார்கள். கத்தியை எடுக்கும் முன் அதைத் தர முன்வந்தார்கள்! நோயாளியின் வலியைப் பற்றி முதலில் கேட்பது மருத்துவனின் கடமை என்னும் மரபு அன்றே இருந்திருக்கிறது. மறுத்தது ஒரு மகானின் விருப்பம். கேட்டது மருத்துவத்தின் ஒழுக்கம். மேலும், அவர் அஞ்சியது வலி நீக்கத்தை அன்று; அறிவு மயங்குவதை. அறிவு மயங்காமல் வலி மட்டும் நீங்கும் வழி ஒன்று இருந்திருந்தால்? அக்கேள்விக்கு விடை வர ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அரபுக் கிறிஸ்தவ மருத்துவர் இப்னுல் குஃப், அறுவைக்கென்றே தனி நூல் எழுதினார். வலி தணிக்கும் மருந்தைக் கொடுப்பவர் அறுப்பவராக இராமல் வேறொரு மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் காணப்படுகிறது. இன்று ‘அனஸ்தெடிஸ்ட்’ என நாம் அழைக்கும் தனி மருத்துவரின் நிழல் அதில் தெரிகிறது.

மயக்கம் வந்த கதை

1845ஆம் ஆண்டு. வங்காளத்தின் ஹூக்ளியில், வள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்ஸின் விட்டுச்சென்ற வக்ஃபின் பயனாக எழுந்த இமாம்பாரா மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். கைகளால் தடவித் தடவி நோயாளியை வசிய உறக்கத்தில் ஆழ்த்தி அறுவை செய்தார் அவர். வேறு மருந்து இல்லாத காலத்தில் வலியிலிருந்து தப்ப மனிதன் எதையெல்லாம் நாடினான் என்பதற்கு இது சான்று.

அடுத்த ஆண்டே அந்நிலை மாறிற்று. 1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியின் ஆற்றல் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. ஆறு திங்களுக்குள், 1847 மார்ச் 22ஆம் நாள், கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது. கப்பல் தவிர வேறு வழியில்லாத அந்நாளில் இது வியத்தகு வேகம்!

பின்னர் வந்தது குளோரோஃபார்ம். அதனால் நேரும் திடீர் மரணங்களுக்குக் காரணம் இதயமா, சுவாசமா என உலகெங்கும் வாதம் மூண்டது. அதைத் தீர்க்க ஹைதராபாத்தில் 1888லும் 1889லும் இரு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. முன்நின்றவர் எட்வர்ட் லாரி. பொருளுதவி செய்தவர் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். இலண்டனிலிருந்து நிபுணரை வரவழைக்கும் செலவையும் நிஜாமே ஏற்றார். சுவாசமே முதலில் நிற்கிறது என்று குழு முடிவு கட்டியது. இதயத்தையும் அம்மருந்து நேரே தாக்கவல்லது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. முடிவு முற்றும் சரியில்லை என்றாலும், மருந்தின் ஆபத்தை அளந்தறிய ஓர் இந்திய அரசு பொருள் செலவிட்டது என்ற பெருமை நிலைத்திருக்கிறது.

இடத்தை மட்டும் மரக்கச் செய்தல்

ஈதரும் குளோரோஃபார்மும் அறிவையே உறங்க வைத்தன. விழித்திருக்கும்போதே வலி தெரியாதிருக்கும் வழியை வியன்னாவின் இளம் கண் மருத்துவர் கார்ல் கோலர் கண்டார். கோக்கா இலையிலிருந்து பிரித்த கொக்கெய்னைத் தவளையின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலுமே இட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். உணர்வு இல்லை! 1884 செப்டம்பர் 15ஆம் நாள் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் அச்செய்தி வாசிக்கப்பட்டது. அங்குச் செல்லப் பயணச் செலவுக்குப் பணம் இல்லாததால், அவர் கட்டுரையை வேறொருவர் படித்தார்.

அதன்பின் அலை அலையாகப் புதுமைகள் வந்தன. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் நரம்பினருகே ஊசியிட்டு ஒரு பகுதி முழுவதையும் மரக்கச் செய்தார். தம் மீதே சோதித்துப் பார்த்து அக்கொடிய மருந்துக்கு அடிமையும் ஆனார். ஜெர்மனியில் அகஸ்ட் பியர் 1898இல் முதுகுத்தண்டில் ஊசியிடும் முறையைக் கண்டார். அடிமைப்படுத்தாத மருந்தை நாடிய ஐன்ஹார்ன் 1904இல் புரோக்கெய்னை ஆக்கினார். சுவீடனில் லோஃப்கிரன் 1943இல் லிக்னோக்கெய்னைக் கண்டார். பல் பிடுங்கும்போது நமக்குப் போடும் ஊசி இதுவே. அதே நாட்டில் 1957இல் பிறந்தது புப்பிவக்கெய்ன். முன்னவை ஓரிரு மணி நேரம் நின்றன என்றால், இது பல மணி நேரம் நிற்கும். நம் கதையின் நாயகன் இம்மருந்தே.

இவை வேலை செய்யும் விதம் என்ன? திண்டுக்கல்காரருக்கு இதை விளக்குவது எளிது. வலி என்பது நரம்பின் வழியே ஓடும் மின்செய்தி. நரம்பின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே புகுந்தால்தான் அச்செய்தி நகரும். மரப்பு மருந்து அந்த வாயில்களை உள்ளிருந்து பூட்டிவிடுகிறது. வாயில் திறவாது, செய்தி நகராது, மூளைக்கு எதுவும் தெரியாது. மருந்தைக் குருதி மெல்ல மெல்ல ஈர்த்துச் சென்றதும் பூட்டு தானே கழன்றுகொள்கிறது. நரம்புக்கு ஊறு இல்லை. அறிவுக்கு மயக்கமும் இல்லை.

பித்தப்பையும் துளைவழிச் சிகிச்சையும்

பித்தப்பைக் கல் வடநாட்டாரை மிகுதியாகத் தாக்கும் நோய். 1968இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரயில்வே ஊழியர்களிடையே வடக்கே இந்நோய் தெற்கைப்போல் ஏழு மடங்கு காணப்பட்டதாக மருத்துவர் மல்ஹோத்ரா எழுதினார். ஆயினும் நம் பக்கமும் அது அரிதன்று. வலப்பக்க விலாவின் கீழ்ப் பிடிக்கும் வலியை வாயு என்றும் பித்தம் என்றும் நெடுநாள் தள்ளிப்போட்டவர் எத்தனையோ பேர்!

பித்தப்பையை முதன்முதல் அறுத்தெடுத்தவர் பெர்லினின் கார்ல் லாங்கன்புக். நாள்: 1882 ஜூலை 15. அன்றுமுதல் நூறாண்டுக் காலம் அதற்கு ஒரே வழி, விலாவின் கீழே சாண் நீளத்துக்கு வயிற்றைத் திறப்பதுதான். நோயைவிட அந்த வெட்டே பெரிய வேதனை. மூச்சை இழுத்தால் வலி, இருமினால் வலி. வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாததால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் காண்பதும் உண்டு. எழுந்து நடமாட நாட்கள் பல ஆகும். திண்டுக்கல் சமவெளி மக்கள் அன்று மதுரை எர்ஸ்கின் மருத்துவமனைக்கும் பிற பெரிய மருத்துவமனைகளுக்கும் சென்று, வாரக்கணக்கில் தங்கி, உறவினரும் அங்கேயே கிடந்து மீண்டதை முதியவர்கள் நினைவுகூர்வர்.

ஜெர்மனியின் போப்லிங்கன் என்னும் சிற்றூரில் எரிக் மூஹே என்னும் அறுவை மருத்துவர், வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பெண்நோய் மருத்துவரின் முறையைக் கொண்டு பித்தப்பையையும் எடுக்கலாம் என்று துணிந்தார். 1985 செப்டம்பர் 12ஆம் நாள் அதைச் செய்தும் காட்டினார். மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 15இல், மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள்தாம். எனினும் நம் மாவட்டத்துக்கும் இச்சிகிச்சைக்கும் ஏறத்தாழ ஒரே வயது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூஹேக்குப் பாராட்டா கிடைத்தது? 1986இல் மாநாட்டில் அவர் சொன்னபோது சக மருத்துவர் எள்ளினர். ஒரு நோயாளி இறந்தபோது வழக்குத் தொடர்ந்தனர். 1990இல்தான் அதிலிருந்து விடுபட்டார். இதற்கிடையே 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே இதே முறையைக் கையாள, அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று. 1992இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் சங்கம் தன் தவற்றை உணர்ந்தது போல் மூஹேக்குப் பரிசளித்தது.

இந்தியாவில் அது அடியெடுத்து வைத்தது மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையில். 1990 மே 31ஆம் நாள் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா அங்கே முதல் சிகிச்சையைச் செய்தார். ஏழைகள் நாடும் அரசு மருத்துவமனையில் அது தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. விரைவில் வேலையில் சேர வேண்டிய கூலித் தொழிலாளிக்கே இச்சிகிச்சை மிகவும் உரியது என அவர் வாதிட்டார். தமிழகத்தில் இத்துறையை வளர்த்தோருள் கோவை டாக்டர் சி. பழனிவேலுவின் பெயர் முன்நிற்கிறது.

திண்டுக்கல் சமவெளிக்கு நவீன மருத்துவம் வந்ததற்குத் தனி வரலாறு உண்டு. டாக்டர் சௌந்திரம் அம்மையார் (1904-1984) சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தபோது, தாய்சேய் நலத்துக்கெனச் சிறிய அளவில் தொடங்கியதே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1955இல் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ.கே. தரியன் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார். பெரிய நகரங்களுக்குப் போக வழியற்ற உழவர் குடும்பங்களுக்கு இவை புகலிடமாயின.

துளைவழிக் கருவி நாட்டுப்புறத்துக்கு முதலில் வந்தது பித்தப்பைக்காக அன்று; குடும்பநல அறுவைக்காக. 1970களிலும் 80களிலும் நாடெங்கும் நடந்த முகாம்களில், தொப்புளருகே மரத்துப்போகும் ஊசி மட்டும் இட்டு, முழு மயக்கமின்றி, பெண்களுக்கு அது செய்யப்பட்டது. அம்முகாம்களின் அவசரத்தைக் குறை கூறியோர் உண்டு. குறை கூற இடமும் இருந்தது. தோல் மரத்தாலும் வயிற்றின் உட்புறம் மரப்பதில்லை, உள்ளே ஊதிய காற்றின் வேதனை தனி என்பதை நம் நாட்டுப் பெண்களே தம் உடலால் உணர்ந்தனர். அந்தப் பாடம் பின்னால் பயன்பட்டது.

துளை சிறிது, வலியும் சிறிதா?

நான்கே துளை, பெரியவை இரண்டும் பத்து மில்லிமீட்டர், சிறியவை இரண்டும் ஐந்து. இதில் என்ன வலி என்று எண்ணுவோம். பழைய முறையோடு ஒப்பிட்டால் வலி குறைவே, இல்லாமற் போவதில்லை. இவ்வலி மூன்று வகையானது.

முதலாவது, துளையிட்ட வயிற்றுச் சுவரின் வலி. முதல் நாளில் ஓங்கி நிற்பது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த இடத்தில் எழும் உள்வலி. இன்ன இடமென்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் ஆழத்தில் கனக்கும். மூன்றாவது விந்தையானது. வயிற்றில் அறுவை, வலிப்பதோ தோள்பட்டை!

இம்மூன்றாம் வலிதான் நம் வீடுகளில் கலவரத்தை மூட்டுவது. மறுநாள் எழுந்து அமர்ந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு நோயாளி முனகினால், இதயத்துக்கு ஏதோ வந்துவிட்டது எனக் குடும்பமே பதறும். காரணம் எளியது. உள்ளே இடம் உண்டாக்கக் கரியமில வாயுவை நிரப்பி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். அவ்வாயு உதரவிதானத்தை நீட்டுகிறது. ஈரத்தோடு கலந்து இலேசான அமிலமாகி அதை உறுத்துகிறது. உதரவிதானத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவடப் பிரிவுகளிலிருந்து இறங்குவது. தோளின் மேற்புறத் தோலுக்கும் நரம்பு வருவது அதே பகுதியிலிருந்துதான். ஒரே வாயிலில் வந்து தட்டும் இரு செய்திகளை மூளை பிரித்தறிய முடியாமல், உதரவிதானத்தின் வலியைத் தோளின் வலி என மயங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வாயு உறிஞ்சப்பட்டதும் இது தானே அகலும். ஆனால் ஒன்று: மார்பில் இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை ஆகியவை சேர்ந்தால் அது வாயுவின் வேலை என்று நாமே முடிவு செய்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வலி மூவகை என்பதால் மருந்தும் மூவிடத்தில் செல்கிறது. துளையிடும் இடத்தில் தோல் முதல் உட்சவ்வு வரை புப்பிவக்கெய்னைச் செலுத்துவது முதல் வழி. எளியது, செலவு மிகக் குறைந்தது, சிறு மருத்துவமனையிலும் இயல்வது.

இரண்டாவது, பித்தப்பை இருந்த குழியிலும் உதரவிதானத்தின் கீழும் மருந்து நீரைத் தெளித்து விடுவது. 1991இல் ‘லான்செட்’ இதழில் நார்ஷி என்பவரும் துணைவரும், துளைவழிச் சோதனைக்குப்பின் வயிற்றினுள் மரப்பு மருந்தை விட்டதால் தோள்வலி குறைந்ததாக எழுதினர். 1993இல் சுந்த்ரிகர் என்னும் மருத்துவரும் துணைவரும் பித்தப்பை அறுவையிலும் அது பயன் தருவதை இங்கிலாந்து இராயல் அறுவைக் கல்லூரி இதழில் காட்டினர்.

மூன்றாவது, வயிற்றுச் சுவருக்கு வரும் நரம்புகளை வழியிலேயே மறிப்பது. வயிற்றுத் தசையடுக்குகளின் இடையே மருந்தைச் செலுத்தும் ‘டேப்’ முறையை 2001இல் ரஃபி என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். முதுகெலும்பை ஒட்டிய தசையின் அடியில் செலுத்தும் முறை 2016இல் வந்தது. ஊசிமுனை செல்லும் இடத்தை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் வசதி வந்தபின் இவை பரவலாயின.

அளவும் எல்லையும்

எந்தப் பூட்டையும் அளவறிந்து பூட்ட வேண்டும். நரம்பின் வாயில்களைப் போன்ற வாயில்கள் இதயத்திலும் உண்டு. புப்பிவக்கெய்ன் அளவு மீறினாலோ, தவறிக் குருதிக்குழாயில் புகுந்தாலோ, இதயத்தையே பூட்டிவிடும். இத்தகைய மரணங்களைப் பற்றிய எச்சரிக்கை 1979இல் எழுந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவாகக் கொள்ளும் மேல்வரம்பு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 120 மில்லிகிராம். கால் விழுக்காட்டு மருந்தாயின் 48 மில்லிலிட்டர். தோலில் செலுத்தியதும் உள்ளே தெளித்ததும் சேர்ந்தே இக்கணக்குக்குள் அடங்க வேண்டும். நஞ்சு ஏறிவிட்டால் கொழுப்புக் குழம்பை நாளத்தில் செலுத்தி மீட்கலாம் என்பதை 1998 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டு 2014இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடுகள், இம்மருந்தால் வலி குறைகிறது, ஆனால் பெரிய அளவில் அன்று என்றே கூறின; ஆய்வுகளின் தரம் போதாது என்றும் சுட்டின. ஆகவே இது தனித்து நிற்கும் மருந்து அன்று. பாரசிட்டமாலும் வீக்கம் தணிக்கும் மாத்திரையும் அடித்தளம். மரப்பு மருந்து அதன்மேல் எழும் சுவர். வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும், முடிவில் மிச்ச வாயுவை முற்றிலும் வெளியேற்றுவதும் மருந்தில்லா மருத்துவம். இவையெல்லாம் கூடினால் அபினின் வழிவந்த மருந்துகள் குறைந்த அளவில் போதும். அவற்றால் வரும் குமட்டலும் மலச்சிக்கலும் மந்தமும் குறையும். நோயாளி அன்று மாலையே எழுந்து நடக்கலாம்.

நமக்குரிய பாடம்

2022 ஜனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. மதுரைக்கு வண்டி பிடித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பாறைக்கோட்டையைப் பார்த்தபடியே மருத்துவம் பயில்கிறார்கள். கருவி வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது, மருத்துவரும் வந்துவிட்டார். வராதது ஒன்று உண்டு. அது வலியைப் பற்றி வாய்திறந்து பேசும் பழக்கம்.

நம் குடும்பங்களில் பெண்கள் வலியைச் சொல்லுவதில்லை. பிரசவத்தையே தாங்கிய உடம்புக்கு இது எம்மாத்திரம் என்பார் மூத்தவர். வலி தாங்குவது நற்குணம், வலி சொல்வது பலவீனம் என நாம் பழக்கிவிட்டோம். பொறுமை உயர்ந்த பண்புதான்; ஐயமில்லை. ஆனால் நீக்க வழியில்லாத துன்பத்தைத் தாங்குவதன்றோ பொறுமை! நீக்கத்தக்க வலியை மௌனமாகச் சுமப்பதால் மூச்சு ஆழமாக இழுக்கப்படாது, நடமாட்டம் குறையும், உடல் தேறுவது தாமதமாகும். எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். வலியும் அந்நோய்களுள் ஒன்று.

ஆதலின் அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள்: அறுவைக்குப் பின் வலிக்கு என்ன ஏற்பாடு? துளையிட்ட இடத்தில் மரப்பு மருந்து உண்டா? அது நின்றபின் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு ஒரு முறை? ஊசியால் முன்பு ஒவ்வாமை நேர்ந்திருந்தால், இதயத்திலோ கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ குறை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டிலுள்ள ஆண்கள் மருத்துவரிடம் கட்டணத்தை மட்டும் பேசாமல் இதையும் பேசுங்கள். ‘வலிக்கிறதா?’ என்று படுக்கையருகே சென்று கேளுங்கள். ‘இல்லை’ என்ற விடை வந்தால், முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

உர்வா (ரஹ்) அவர்களின் முன் நின்ற மருத்துவர்கள் கத்தியை எடுக்குமுன் கேட்டார்களே, அந்தக் கேள்வி நம் வீட்டிலும் நம் மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கப்பட வேண்டும். ஹைதர் அலியின் பாசறையில் அரசும் படையும் பொன்னும் இருந்தன. அவர் முதுகின் வேதனையைப் பூட்ட ஒரு பூட்டு இல்லை. அந்தப் பூட்டு இன்று திண்டுக்கல்லின் எளிய வீட்டுக்கும் வந்துவிட்டது. அதைக் கேட்டுப் பெறும் வாய் மட்டும் பூட்டியிருக்க வேண்டாம்.